உறையும் வண்டு, உறையாத வண்ணத்துப்பூச்சி

ஒரு தக்காளியை ஃப்ரீசர்ல வச்சு, மறுநாள் எடுத்து வெளியில வைங்க. கொஞ்ச நேரத்துல கொழகொழன்னு ஆயிடும். உள்ளே இருக்கிற தண்ணீர் பனிக்கட்டியாகி விரியும்போது செல்களைக் கிழிச்சிடுது. இத்தனைக்கும் வீட்டு ஃப்ரீசர் வெறும் மைனஸ் 18 டிகிரி. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரம் மைனஸ் 40 எல்லாம் பார்த்துப் பழகின ஊர். 1934 ஜனவரியில மைனஸ் 54 வரைக்கும் போயிருக்கு. அந்த ஊர்க் காட்டுல குளிர்காலத்தைத் தாண்டுற ரெண்டு பூச்சிகளைப் பத்திதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல 'மோர்னிங் கிளோக்' வண்ணத்துப்பூச்சி. காலைன்னு நினைச்சுடாதீங்க, துக்க அங்கின்னு அர்த்தம். கரும்பழுப்பு இறக்கை, மஞ்சள் ஓரம். வட நாடுகள்ல நிறைய வண்ணத்துப்பூச்சிகள் முட்டையாகவோ புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோதான் குளிரைக் கழிக்கும். இது இறக்கையோட, முழு வளர்ச்சியடைந்த பூச்சியாகவே மரப்பட்டை இடுக்கில் ஒண்டிக்கொள்கிறது. கார் ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட் மாதிரியான பொருட்களை உடம்பில் சேர்த்துக்கிட்டு, பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமப் பார்த்துக்குது. ஆனா இது கத்தி மேல நடக்கிற வேலை. உள்ளே ஒரு சின்னப் பனித்துகள் உருவாகிட்டா, அது பரவ ஆரம்பிச்சிடும்.

வண்டு வேற ரகம். பேரு யூபிஸ் செரம்பாய்டிஸ். செத்த பிர்ச் மரத்தின் பட்டைக்கு அடியில இருக்கிற கருப்பு வண்டு, பார்க்க ஒண்ணும் விசேஷமில்லை. அது உறைபனியோட சண்டையே போடுறதில்லை. மைனஸ் 8 டிகிரி வாக்கில் உறைஞ்சே போயிடுது! பனி செல்களுக்கு வெளியில மட்டும் உருவாகுது, உள்ளே போறதில்லை. அதனால மைனஸ் 60 வரைக்கும் தாங்குது. 2009-ல் ஆராய்ச்சியாளர்கள் இந்த வண்டுக்குள்ள சைலோமன்னன் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். பனிப்படிகம் பெருசாகாமத் தடுக்கிற பொருள் அது. அதுவரை பூச்சிகள்ல தெரிஞ்ச இந்த மாதிரிப் பொருட்கள் எல்லாம் புரதங்கள். இதுல புரதமே இல்லை, சர்க்கரைகள்தான் அடிப்படை. உறைய வச்ச திசுக்களைக் கெடாமக் காப்பாத்தத் தெரிஞ்சா மருத்துவத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

என் ஓட்டு வண்டுக்குத்தான். ஆனா உறையாம இருக்கிறதுல ஒரு லாபம் உண்டு. தரையில இன்னும் பனி கிடக்கும்போதே அந்த வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து, கருத்த இறக்கையை வெயிலில் விரிச்சு உடம்பைச் சூடேத்திக்கும். அப்போ பூவே இருக்காது. மரத்துல கசியிற சாறுதான் அதுக்குச் சாப்பாடு.