பசுவைப் பற்றிய கட்டுரை
(அறக்கட்டளையின் மாணவர் பரிசளிப்பு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்தில் படைப்பெழுத்துக்கு இடமுண்டா என்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். தமிழாசிரியனிடம் ஆங்கிலம் பற்றிக் கேட்பானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நானும் எண்ணினேன். ஆயினும் என் பணிக்காலத்தில் நான்காண்டுகள் ஆங்கிலமும் கற்பித்திருக்கிறேன். அது சிற்றூர்ப் பள்ளி. ஆங்கிலம் நடத்தியவர் மாற்றலாகிச் சென்றார்; அவரிடத்திற்கு எவரும் வரவில்லை. "ஐயா, ஒன்பதாம் வகுப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் தலைமையாசிரியர். அக்காலத்தில் நான் செய்த பிழை ஒன்றுண்டு. அதைச் சொன்ன பிறகே மற்றவற்றைச் சொல்ல எனக்குத் தகுதி வரும்.

1986 வாக்கில் ஒருநாள் பசுவைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை வரையச் சொன்னேன். நாற்பது கட்டுரை ஏடுகள் மேசைக்கு வந்தன. ஏறத்தாழ எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றே: 'தி கவ் ஈஸ் எ டொமஸ்டிக் அனிமல்.' பிறகு நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு வால். பால் தரும், சாணம் எருவாகும். கடைத்தெருவில் விற்ற உரைநூலில் உள்ளபடி, எழுத்து மாறாமல்.

ஓர் ஏடு மட்டும் வேறாக இருந்தது. எங்கள் பசுவை அப்பா திங்கட்கிழமை விற்றுவிட்டார். கன்று இரவெல்லாம் கத்தியது. அம்மா அன்று சமைக்கவில்லை. ஐந்தாறு வாக்கியங்களில் அவ்வளவுதான் செய்தி. ஒரு வாக்கியத்திலேனும் வினைச்சொல் நேராக இல்லை. இறந்தகாலம் வரவேண்டிய இடங்களிலெல்லாம் நிகழ்காலம் நின்றது. சிவப்பு மையால் பதினோரிடத்தில் வட்டமிட்டேன். பத்துக்கு இரண்டு மதிப்பெண் இட்டு, 'மீண்டும் எழுதுக' என்று அடியில் குறித்தேன்.

மறுநாள் அம்மாணவன் எழுதி வந்தான். 'தி கவ் ஈஸ் எ டொமஸ்டிக் அனிமல்.' பிழையே இல்லை. ஏழு மதிப்பெண் வழங்கினேன். பசுவை ஏன் விற்றீர்கள் என்று கேட்கவில்லை. அவ்வாண்டு முழுதும் அவன் ஏட்டில் வேறெந்தச் செய்தியும் எனக்குக் கிடைக்கவில்லை.

இலக்கணம் முதலில், படைப்பு பிறகு என்பதே அன்று எல்லோரும் கொண்டிருந்த கொள்கை. இன்றும் பல பெற்றோர் அவ்வாறே கருதுகின்றனர். வாக்கியமே அமைக்கத் தெரியாத பிள்ளைக்குக் கதையும் கவிதையும் எதற்கு என்கின்றனர். கேள்வி நியாயமானதே, பிழையாக எழுதினாலும் போகட்டும் என்று விட்டுவிடச் சொல்பவனல்லன் நான். ஆனால் அந்தப் பையனுக்கு இறந்தகாலம் உண்மையாகவே தேவைப்பட்ட நாள் அன்று ஒன்றுதான். விற்றார், கத்தியது, சமைக்கவில்லை என்னும் மூன்று வினைகளையும் கரும்பலகையில் எழுதி, அவன் கதையைக் கொண்டே வகுப்பு முழுமைக்கும் காலத்தைக் கற்பித்திருக்கலாம். கன்றை ஏன் உடன் விற்கவில்லை என்று பக்கத்துப் பையன் கேட்டிருப்பான். அதற்கு விடை சொல்ல 'பிகாஸ்' வேண்டியிருக்கும். 'பசு வீட்டு விலங்கு' என்னும் தொடரில் நேற்றும் இல்லை, காரணமும் இல்லை. அதை எழுதும் பிள்ளைக்கு நிகழ்காலத்துக்கு மேல் ஒன்றும் தேவைப்படுவதே இல்லை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடத்தும் இவ்வழக்கு உண்டு. 1966இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பிரித்தானிய, அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களும் அறிஞர்களும் பல வாரங்கள் கூடி, ஆங்கிலப் பாடம் என்பது யாது என்று ஆராய்ந்தனர். அக்கூட்டத்தையொட்டி ஜான் டிக்சன் எழுதிய நூல் 1967இல் வெளிவந்தது. மாணவன் தன் அனுபவத்தைத் தன் மொழியால் ஒழுங்குபடுத்திக் கொள்வதையே அது பாடத்தின் நடுவில் வைத்தது. எதிர்ப்பும் எழுந்தது, இன்னும் ஓயவில்லை. இங்கிலாந்தில் மேல்நிலை மாணவர்க்கெனப் படைப்பெழுத்தையே தனிப்பாடமாக 2013இல் தொடங்கினர். சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டனர். மொழிக்குரியவர்களே இவ்வாறு தடுமாறும்போது, இரண்டாம் மொழியாகக் கற்கும் நாம் தடுமாறுவதில் வியப்பில்லை.

நம் தேர்வுகளிலும் இதற்கென்று ஒரு சாளரம் திறக்கப்பட்டதுண்டு. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்றொரு வினா. ஆங்கிலத் தாளிலும் படத்தைப் பார்த்துத் தம் கருத்தைச் சில வரிகளில் எழுதச் சொல்லும் வினா உண்டு. நல்ல நோக்கம்! ஆனால் எந்தப் படத்துக்கும் பொருந்துமாறு முன்னரே செய்துவைத்த வரிகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வருகின்றனர். படத்தில் மழையா, மரமா, மருத்துவமனையா என்பது பொருட்டன்று. நாம்தாம் அப்படிப் பழக்கியிருக்கிறோம். மதிப்பெண் தவறிவிடக் கூடாதே என்னும் அச்சம் பிள்ளைக்கு மட்டுமன்று, ஆசிரியருக்கும் உண்டு.

இந்த அவையில் நன்னூலை நினையாமல் இருக்க இயலாது. சமண முனிவராகிய பவணந்தியார் மாணாக்கரை வகுக்கும்போது அன்னத்தையும் பசுவையும் தலைநிலையில் வைத்தார். சொன்னதைச் சொல்லும் கிளியை இடைநிலையில்தான் வைத்தார். கிளியைக் கடையில் தள்ளிவிடவில்லை என்பதையும் நோக்குதல் வேண்டும். மனப்பாடம் இழிவன்று, நான் கற்ற தமிழில் பாதி மனப்பாடத்தால் வந்தது. பசுவோ மேய்ந்ததைப் பின்னர் அமர்ந்து அசைபோடுகிறது. நம் வகுப்பறையில் மேய்ச்சலுக்கு மணி அடிக்கிறோம். அசைபோடுதற்கு அட்டவணையில் பாடவேளை இல்லை. பசுவைப் பற்றிய கட்டுரையிலேயே பசுவாக இருந்த மாணவனைக் கிளியாக்கி அனுப்பியவன் நான்.

இனி, அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் கட்டுரைப் போட்டிக்கு ஒன்பதாண்டுகளாக நடுவராக இருக்கிறேன். தலைப்பை ஒரு மாதம் முன்னரே அறிவிக்கிறோம். ஆகவே வருவன பெரும்பாலும் பெற்றோர் எழுதியவை, அல்லது தனிப்பயிற்சி ஆசிரியர் எழுதியவை. சென்ற ஆண்டு ஆங்கிலக் கட்டுரைகளில் இரண்டு, முற்றுப்புள்ளி உட்பட ஒன்றாக இருந்தன. ஒன்றுக்கு முதற்பரிசு வழங்கினோம். மற்றொன்றுக்கு வழங்காததற்கு என்னிடம் காரணம் இல்லை.

வரும் ஆண்டு முதல் தலைப்பைப் போட்டி அரங்கிலேயே சொல்லலாம். பெரிய பொருள்கள் வேண்டா. 'எங்கள் வீட்டை விட்டுப் போன ஒரு பொருள்', 'நான் ஒட்டுக்கேட்ட ஒரு பேச்சு', 'எங்கள் தெருவில் விடியற்காலை நான்கு மணி' என்பன போதும். ஒரு பக்கமே எல்லை. எழுதிய பிள்ளை மட்டுமே அறிந்திருக்கக்கூடிய செய்தி ஒன்றேனும் இருந்தால் அதற்குப் பாதி மதிப்பெண். இலக்கணத்துக்கும் எழுத்துப்பிழைக்கும் மறுபாதி. பிழைகளைக் குறித்துக் கொடுத்து, அதே பக்கத்தை ஒரு வாரத்தில் திருத்தி எழுதிவரச் சொல்லலாம். அதே செய்தியை, வேறொன்றையன்று. இரண்டாம் படியைக் கண்ட பிறகே பரிசு. செலவு மிகாது, நடுவர்களுக்கு வேலை இரட்டிக்கும், அவ்வளவே.

திருத்துவதற்கு என்னை அழைத்தால் வருகிறேன். பார்வை சற்றுக் குறைந்திருக்கிறது. பிள்ளைகளைக் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதச் சொல்லுங்கள். சிவப்புப் பேனா மட்டும் எனக்குத் தர வேண்டா.