ஃபேன் ஓடட்டும், சத்தம் அடங்கட்டும்



நான் பேரணாம்பட்டு பக்கத்து கிராமத்தில் இருந்து வர்றேன். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். வீட்டிலேயே ஷூ அப்பர் பேஸ்டிங்கும் தையலும் செய்யறேன். பீஸ் கணக்கில்தான் கூலி. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த வேலை தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு நம்ம பக்கம் தோல் வேலை இல்லாத தெரு கம்மி. கடன், சேமிப்பு பற்றி மற்றவங்க நல்லா பேசினாங்க. நான் ஒரு சின்ன விஷயம் பேசறேன். எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம்.

சிரிக்காதீங்க அக்கா. இது நம்ம உடம்பு சம்பந்தப்பட்டது. பேஸ்டிங் பண்ற ரூமில் ஃபேன் எதுக்கு? சொல்யூஷன் ஆவி வெளியே போறதுக்கு. அதை ஏன் நிறுத்தறோம்? சத்தம் தாங்காம. பிள்ளை படிக்குது, மாமியாருக்கு மதியம் தூக்கம் வரல, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. எங்க வீட்டிலும் அத்தை வந்து சுவிட்சை அமுத்திட்டுப் போவாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சத்தம் அப்படி. ஆனா ஃபேன் நின்னதும் ஆவி எல்லாம் ரூமுக்குள்ளேயே நிற்குது. சாயங்காலம் தலைவலி, மயக்கம், குமட்டல். வேலை அசதின்னு நினைச்சு ஒரு டீ குடிச்சுட்டு மறுபடி உட்கார்றோம்.

இந்த ஆவி என்ன செய்யும்ங்கறதுக்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்றேன். 1950கள் கடைசியில் ஒசாகா நகரத்தில் நம்மள மாதிரியே வீட்டில் உட்கார்ந்து செருப்பு ஒட்டின பெண்களுக்கு ரத்தம் கெட்டுப்போற நோய் வந்து சில பேர் இறந்தே போனாங்க. பசையில் பென்சீன் இருந்ததுதான் காரணம். 1959இல் அரசு அந்தப் பசையைத் தடை பண்ணிச்சு. அதுக்குப் பதிலா ஹெக்சேன் கலந்த பசை வந்தது. 1960கள் கடைசியில் மியே மாகாணத்தில் வீட்டில் செருப்பு ஒட்டினவங்க நிறைய பேருக்குக் கால் கை மரத்துப் போச்சு, நடக்கவே கஷ்டம். வீட்டிலேயே வேலை செய்யறவங்களுக்குன்னு 1970இல் அங்கே தனிச் சட்டம் வந்தது. காற்று போக வழி இல்லாத சின்ன ரூம்தான் இந்த ஆபத்தைப் பெரிசாக்குது. அதனால ஃபேனை நிறுத்தற பேச்சே வேண்டாம். சத்தத்தைத்தான் குறைக்கணும்.

சத்தம் எங்கிருந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். ஃபேன் ஓடும்போது சுவிட்சை ஆஃப் பண்ணிக் காது கொடுங்க. ஆஃப் பண்ண நொடியே "உம்ம்"னு வந்த சத்தம் நின்னுட்டா அது மோட்டார் கரண்ட் சத்தம். றெக்கை மெதுவாகும்போது சத்தமும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா அது காற்று, றெக்கை, இல்லைன்னா பேரிங். அப்புறம், ஃபேன் ஓடும்போது அது மாட்டியிருக்கிற பலகையில் ஓரமா உள்ளங்கையை வெச்சு அழுத்திப் பாருங்க. அழுத்தினதும் சத்தம் குறைஞ்சா பலகைதான் அதிருது. றெக்கை பக்கம் கை போகக்கூடாது, சேலை முந்தானையைச் சொருகிக்கோங்க.

வைத்தியம் ஒன்னொன்னா சொல்றேன். எதுவா இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் கை வைக்கணும்.

முதல்ல றெக்கையைத் துடைங்க. தோல் தூசி, நூல் பிசிறு, பசை எல்லாம் ஒட்டி ஒரு றெக்கை கனமாயிடும். கனம் சரிசமமா இல்லைன்னா ஃபேன் ஆடும், கடகடன்னு சத்தம் வரும். சோப்புத் தண்ணியில் நனைச்ச துணி போதும், தின்னர் வேண்டாம். நான் மாசம் ஒரு தடவை, குழுக் கூட்டம் நடக்கிற அன்னைக்கே துடைச்சுடுவேன், மறக்காது.

அடுத்தது ஸ்குரூ. ஃபிரேம் ஸ்குரூ தளர்ந்திருந்தா தகரம் தட்டற மாதிரி சத்தம் வரும். வெளிப்பக்கம் தகர இறகு மூடி இருந்தா அதுவும் படபடன்னு அடிக்கும், அதோட கீலைப் பாருங்க. பேரிங் கீச்சுன்னு கத்தினா எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுத்து எண்ணெய் விடச் சொல்லுங்க, தேய்ஞ்சிருந்தா மாத்திடுங்க.

மூணாவது, ரப்பர். இதுக்கு நாம காசு கொடுக்க வேண்டாம், நம்ம ஊரில் கிடக்கிற பொருள். செருப்பு சோல் வெட்டின எம்.சி.ஆர். துண்டு. ஃபிரேமுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு துண்டு, ஸ்குரூ தலைக்கு அடியில் வாஷர் மாதிரி ஒரு துண்டு. அதிர்வு பலகைக்குப் போகாது. ஸ்குரூவை ரொம்ப முறுக்கி ரப்பரை நசுக்கிடாதீங்க, அப்புறம் பயன் இல்லை. மெல்லிசு பிளைவுட்டில் ஃபேன் மாட்டினா அது மேளத் தோல் மாதிரி. கனமான பலகைக்கோ செங்கல் சுவருக்கோ மாத்தினா பாதிப் பிரச்சினை தீரும்.

நாலாவது, காற்று உள்ளே வர வழி. இதை நிறைய பேர் பார்க்கறதே இல்லை. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு ஃபேன் போட்டா, உள்ளே காற்று வராம ஃபேன் முக்கி முனகும். சத்தம் வரும், ஆவி போகாது. ஃபேனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்கணும். காற்று வருதான்னு பார்க்க ஒரு நூலை அங்கே தொங்க விட்டுப் பாருங்க, உள்பக்கம் சாய்ஞ்சா சரி. ஊதுபத்தி வெச்சுப் பார்க்கக் கூடாது, சொல்யூஷன் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னல் கம்பி றெக்கையை ஒட்டி இருந்தாலும் விசில் மாதிரி கத்தும், ஒரு சாண் தள்ளி மாட்டுங்க.

கடைசியா, புது ஃபேன் வாங்கறவங்களுக்கு. சின்ன ஃபேன் நிமிஷத்துக்கு 1400 சுத்து சுத்தும். அதே அளவு காற்றைத் தள்ள பெரிய ஃபேன் மெதுவா சுத்தினாலே போதும். வேகம் பாதியானா சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். அதனால 12 இஞ்ச், 900 சுத்து உள்ளதாகக் கேளுங்க. ஆனா இருக்கிற சின்ன ஃபேனை ரெகுலேட்டர் போட்டு ரொம்ப மெதுவாக்காதீங்க, காற்றும் சேர்ந்து குறைஞ்சிடும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, ராத்திரி 45 டெசிபல்தான் இருக்கணும்னு 2000ஆம் வருஷத்து விதி சொல்லுது. பக்கத்து வீட்டுக்காரங்க கேட்கறது நியாயம்தான். முடிஞ்சா அவங்க ஜன்னலைப் பார்க்காத சுவரில் மாட்டுங்க, ஆவியும் அவங்க வீட்டுக்குள்ள போகக்கூடாது இல்லையா.

சத்தம் உறிஞ்சும்னு ஃபோம், தெர்மாகோல் எல்லாம் காற்று போற வழியில் திணிக்காதீங்க. காற்றை அடைக்கும், தீ பிடிச்சா பரவும். சொல்யூஷன் ஆவி காற்றை விட கனம், கீழேயே தங்கும். அதனால ஃபேன் மேலே கூரைகிட்ட இல்லாம, நாம உட்கார்ந்து வேலை செய்யற உயரத்தில் இருந்தா நல்லது. ஜன்னல் காற்று நம்ம மேல பட்டு, அப்புறம் பசை மேல பட்டு, ஃபேன் வழியா போகணும். பசைக்கும் ஃபேனுக்கும் நடுவில் நாம உட்காரக் கூடாது. டப்பா மூடியை அப்பப்போ மூடுங்க. அடுப்பு அந்த ரூமில் வேண்டவே வேண்டாம்.

எங்க வீட்டில் றெக்கை துடைச்சு, ரப்பர் வெச்சு, எதிர் ஜன்னலைத் திறந்து வெச்சோம். முன்னாடி பக்கத்தில் உட்கார்ந்தவங்ககிட்ட கத்திப் பேசணும், இப்போ சாதாரணமா பேசலாம். அத்தை சுவிட்ச் பக்கம் வர்றதே இல்லை.

கூட்டமைப்புகிட்ட எனக்கு ரெண்டு வேண்டுகோள். பேஸ்டிங் செய்யற உறுப்பினர்களுக்கு ஃபேன் வாங்க, சுவரில் ஓட்டை போட, உள்கடன் கொடுக்கலாம்னு தீர்மான நோட்டில் எழுதணும். வேலை கொடுக்கிற ஆட்கள்கிட்ட நாம தனித்தனியா கேட்டா பதில் வராது. எல்லாரும் சேர்ந்து, தண்ணியில் கரையற பசை கொடுங்க, டப்பா மேல என்ன கலந்திருக்குன்னு சொல்லுங்கன்னு கேட்கணும். பீஸ் கூலி நம்ம கைக்கு வர்ற வரைக்கும் கையும் காலும் மரத்துப் போகாம இருக்கணும் இல்லையா.

ரப்பர் வைக்கிற முறை தெரியணும்னா மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என்கிட்ட வாங்க, துண்டுகளை வெட்டிப் பையில் எடுத்துட்டு வந்திருக்கேன்.