பிரசாதப் பெயர்களில் பழந்தமிழ்



திருக்கோயில் பிரசாதத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு உண்கிறோம். அதன் பெயருக்குப் பொருள் யாது என எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இன்று ‘அக்காரவடிசில்’ என்னும் பெயரைச் சிந்திப்போம்.

தமிழாசிரியப் பணியேற்ற புதிதில் அடியேன் ஒரு பிழை செய்தேன். ‘வடிசில்’ என்பதைத் தனிச்சொல்லாகக் கொண்டு, சோற்றை வடித்துச் செய்வதால் வந்த பெயர் என்று ஒரு பெருமாள் கோயில் மேடையில் விளக்கிவிட்டேன். கூட்டம் கலைந்தபின் மடைப்பள்ளி முதியவர் ஒருவர் அருகே வந்து, “சுவாமி, இதை நாங்கள் வடிப்பதே இல்லையே! அரிசி பாலிலேயே வெந்து குழைய வேண்டும். வடித்தால் பாலன்றோ போய்விடும்?” என்று பணிவாகக் கேட்டார். நாணித் தலைகுனிந்தேன்.

வீடு திரும்பி அகராதியைப் புரட்டினேன். அக்காரம் + அடிசில் என்பதே சரியான பிரிப்பு. மகரம் கெட்டு, வகரம் உடம்படுமெய்யாக வந்துள்ளது. அக்காரம் என்பது சர்க்கரை. இரண்டும் வடமொழிச் ‘சர்க்கரா’ என்னும் ஒரே மூலத்தின. அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடுக்களை என்பனவும் அவ்வேரில் பிறந்தவையே. அடப்பட்டது அடிசில். புறநானூற்றிலேயே பயின்ற சொல் இது. வீட்டு வழக்கில் மறைந்துபோன இச்சொல்லை மடைப்பள்ளி காத்து வைத்திருக்கிறது.

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்ததாக நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் பாடுகிறாள். அந்நேர்த்தியைப் பின்னாளில் இராமானுசர் நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று இவ்வமுது படைக்கப்படுகிறது.

தத்தியோதனத்தில் ‘ததி’ தயிர், ‘ஓதனம்’ சோறு. அவ்வோதனமே புளியுடன் சேர்ந்து புளியோதனமாகி, புளியோதரை என மருவிற்று.

அன்பர்களே! இன்று பலரும் அக்காரவடிசிலைச் ‘சர்க்கரைப் பொங்கல்’ என்றே சொல்லிவிடுகின்றனர். அதுவும் நல்ல பெயரே. ஆயினும் பண்டம் வேறு. பொருள் தெரியாத பெயர் நாளடைவில் நாவை விட்டு நீங்கிவிடும். ஆகவே அடுத்த முறை பிரசாதம் பெறுகையில், உடன்வரும் குழந்தைக்கு அதன் பெயரையும் பொருளையும் சொல்லிக் கொடுங்கள். ஐயம் எழுந்தால் மடைப்பள்ளியாரைக் கேளுங்கள். அடியேன் கற்றதும் அவரிடமே.