செடி விளக்குக்குத் தனி பிளக்

பினாங்கு அடுக்குமாடி வீடுகளில் வெயில் எட்டாத மூலையிலும் செடி விளக்கைக் கொண்டு கீரை வளர்க்கலாம். நல்ல முயற்சிதான், மின் இணைப்பில் கவனம் வேண்டும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிளக் 13 ஆம்பியர். பெருக்கினால் 2,990 வாட். ஓர் எக்ஸ்டென்ஷன் தாங்கும் மொத்தச் சுமையின் உச்சம் இதுவே. 100 வாட் விளக்குகள் மூன்று என்றால் 300 வாட்தான். அதிலேயே 2,000 வாட் கெட்டலையும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் செருகினால் 3,300! வயர் சூடேறும், ஆனால் ஃபியூஸ் உடனே எரிந்துவிடாது. எனவே, பல மணி நேரம் எரியும் விளக்குக்குச் சுவரில் தனி பிளக் கொடுங்கள்.

தண்ணீர் ஊற்றுமுன் சுவிட்சை அடைத்துவிடுங்கள். மின்கசிவைத் தடுக்கும் கருவி உங்கள் மின்பெட்டியில் இருக்கும். அதன் 'டெஸ்ட்' பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்காவிட்டால், பதிவு பெற்ற வயர்மேனை உடனே அழையுங்கள். கீரையைவிட உயிர் பெரிதல்லவா?