பத்தே முக்கால் கோடிக்கு ஒரு ஸ்டெப்னியா? நடராஜனும் டெல்லி அணியும்

(ஒலி வடிவில் வந்த அத்தியாயத்தின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு நாம பேசப்போறது 2025 ஐபிஎல் முடிஞ்ச பிறகும் எங்க பக்கம் முடியாத ஒரு சண்டையைப் பத்தி. எங்க பக்கம்னா சங்ககிரி, எடப்பாடி, தாரமங்கலம். ஹைதராபாத் ஆடினாலும் டெல்லி ஆடினாலும் ஊரே ஒரு ஆளுக்காக மட்டும் டிவி போடற ஏரியா. அந்த ஆள் டி. நடராஜன். சேலம் மாவட்டம், சின்னப்பம்பட்டி.

சண்டை இதுதான். டெல்லி கேப்பிடல்ஸ் அவரை 10.75 கோடி கொடுத்து வாங்கினாங்க. மொத்தம் 14 ஆட்டம். அதுல இறக்குனது 2 ஆட்டத்துல. ஒரு கூட்டம், "இது அநியாயம், வேணும்னே உக்கார வெச்சுட்டாங்க"ங்குது. இன்னொரு கூட்டம், "டீம் காம்பினேஷன்னு ஒண்ணு இருக்குங்க, ஊர்ப்பாசத்துல பேசாதீங்க"ங்குது. சங்ககிரி லாரி ஊர் இல்லீங்களா, அதனால இங்க கிண்டலும் லாரி பாஷையிலதான் வரும். "பத்தே முக்கால் கோடிக்கு ஸ்டெப்னி வாங்கி வெச்சிருக்காங்க"ன்னு. இந்த எபிசோட்ல ரெண்டு பக்கத்தையும் நியாயமா கேட்டுப் பாக்கலாம்.

முதல்ல நடந்ததை வரிசையா சொல்லிடறேன். 2024 நவம்பர்ல ஜெட்டாவுல மெகா ஏலம். அடிப்படை விலை 2 கோடி. போட்டி போட்டு 10.75 கோடி வரைக்கும் போய் டெல்லி எடுத்தாங்க. அவ்வளவு விலை ஏன்? அந்த வருஷம் அவர் ஹைதராபாத்துக்காக 14 ஆட்டத்துல 19 விக்கெட் எடுத்திருந்தார். அந்த அணி ஃபைனல் வரைக்கும் போச்சு. அதுல ஒரு ஆட்டம் டெல்லிக்கு எதிரா, டெல்லி மைதானத்துலயே. 2024 ஏப்ரல் 20. ரெண்டு அணியும் சேர்ந்து பந்தை விளாசித் தள்ளின ராத்திரி அது. ஹைதராபாத் மட்டும் 266 அடிச்சுது. அந்த ஆட்டத்துல நடராஜன் 4 ஓவர், 19 ரன், 4 விக்கெட். ஆக டெல்லி ஆளு தெரியாம வாங்கலை. அடி வாங்கிப் பாத்துட்டுத்தான் வாங்கினாங்க.

அப்புறம் சீசன் ஆரம்பிச்சுது. முதல் 10 ஆட்டத்துல பிளேயிங் லெவன்லயும் இல்லை, இம்பாக்ட் பிளேயராவும் இறங்கலை. 11-வது ஆட்டம், மே 5, ஹைதராபாத்துல, அவரோட பழைய அணிக்கு எதிரா சேர்த்தாங்க. டெல்லி முதல்ல பேட்டிங், 133. அதோட மழை. ஆட்டம் கைவிடப்பட்டது. ஒரு பந்து கூட போடலை. அப்புறம் எல்லைப் பதற்றத்தால ஐபிஎல்லே சில நாள் நின்னுபோச்சு. திரும்ப ஆரம்பிச்சதும் மே 18, குஜராத்துக்கு எதிரா. அதுதான் அந்த சீசன்ல அவர் பந்து போட்ட ஒரே நாள். 3 ஓவர், 49 ரன், விக்கெட் இல்லை. 200 ரன் இலக்கை குஜராத் ஒரு விக்கெட் கூட விடாம முடிச்சுட்டாங்க. சாய் சுதர்சன் 108, கில் 93. அடுத்த ஆட்டத்துல நடராஜன் மறுபடி வெளியே.

இப்போ நிர்வாகத்தோட பக்கம். அதையும் முழுசா கேக்கணும்.

டெல்லி அந்த சீசனை நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயிச்சு ஆரம்பிச்சாங்க. ஜெயிக்கற டீமை யாரும் கலைக்க மாட்டாங்க. இது ஐபிஎல்லுக்கு மட்டும் இல்லை, உங்க தெரு டென்னிஸ் பால் டீமுக்கும் பொருந்தும். ரெண்டாவது, ஏற்கெனவே மிட்செல் ஸ்டார்க் இருந்தார். அவரும் இடது கை, அவரும் கடைசி ஓவர்ல யார்க்கர் போடறவர். ஏப்ரல் 16 ராஜஸ்தானுக்கு எதிரா சூப்பர் ஓவர் வரைக்கும் இழுத்து ஜெயிச்சுக் கொடுத்தவர். கூடவே முகேஷ் குமார், மோகித் சர்மா. சுழலுக்கு குல்தீப், கேப்டன் அக்சர், விப்ராஜ் நிகம். இதுல விப்ராஜுக்கு பேட்டிங்கும் வரும். நடராஜன் பதினொண்ணாவது ஆள். இம்பாக்ட் விதி வந்த பிறகு பந்து மட்டும் போடறவருக்கு எடம் கிடைக்கும்தான், ஆனா அந்த எடத்துக்கும் போட்டி. அணியோட ஆலோசகர் கெவின் பீட்டர்சன்கிட்ட இதே கேள்வி வந்தப்போ, அவரை எங்க சேர்க்கறதுன்னு நீங்களே சொல்லுங்கன்னு திருப்பிக் கேட்டார்.

இன்னொண்ணு. "தமிழ்நாட்டுப் பையன்னா ஒதுக்கறாங்க"ன்னு நம்மாளுங்க சிலர் சொல்றாங்க பாருங்க, அந்த வாதம் இங்க நிக்காது. டெல்லியோட தலைமைப் பயிற்சியாளர் யாரு? ஹேமங் பதானி. தமிழ்நாட்டுக்கு ஆடினவர். 2001-ல புனேயில ஆஸ்திரேலியாவுக்கு எதிரா ஒருநாள் போட்டியில சதம் அடிச்சவர். நடராஜன் ஹைதராபாத்துல இருந்தப்போ அங்க பயிற்சிக் குழுவுலயும் இருந்தவர். நடராஜனை அவருக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது, மொழி புரியலைன்னும் சொல்ல முடியாது. அதனால சதிக் கதையை ஓரமா வெச்சுட்டு கிரிக்கெட்டா பேசலாம்.

கிரிக்கெட்டா பேசினா எனக்கு உறுத்தற எடம் மே 21. வான்கடேவுல மும்பைக்கு எதிரா. தோத்தா டெல்லி வெளியே. 18 ஓவர் முடிவுல மும்பை 132. கடைசி ரெண்டு ஓவர்ல 48 ரன் போச்சு. முகேஷ் ஓவர்ல 27, சமீரா ஓவர்ல 21. ஸ்கோர் 180. டெல்லி 59 ரன்ல தோத்து போட்டியை விட்டே போயிட்டாங்க. ஸ்டார்க் அப்போ அணியிலேயே இல்லை, இடைவேளைக்குப் பிறகு அவர் திரும்பி வரலை. அதாவது, கடைசி ஓவர் போடறதுக்குன்னே 10.75 கோடி கொடுத்து வாங்கின ஆள், கடைசி ஓவர்ல டீம் சரிஞ்ச அன்னைக்கு வெளியே உக்காந்திருக்கார். ஏன்? மூணு நாள் முன்னாடி ஒரு ஆட்டத்துல அடி வாங்கிட்டார். அந்த ஆட்டத்துல டெல்லியில யாருமே விக்கெட் எடுக்கலைங்கறதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ஸ்டெப்னின்னு கிண்டல் பண்றாங்கன்னு சொன்னேன்ல. லாரிக்காரங்களுக்குத் தெரியும், ஸ்டெப்னி வெச்சிருக்கறது தப்பே இல்லை. அது இல்லாம யாரும் லோடு ஏத்திட்டு டெல்லி கிளம்ப மாட்டாங்க. ஆனா மாசக்கணக்குல கீழ தொங்கவிட்டு காத்து கூட பாக்காம இருந்துட்டு, முழு லோடுல அதை மாட்டி ஓட்டினா அப்புறம் டயரைத் திட்டக் கூடாது. யார்க்கர்ங்கறது அப்படி ஒரு சரக்கு. அஞ்சு இஞ்ச் முன்ன பின்ன போனா ஃபுல் டாஸ், இல்லைன்னா பேட்டுக்கு வாகான பந்து. வலைப்பயிற்சியில எவ்வளவு போட்டாலும் கூட்டத்துக்கு நடுவுல, எதிர்ல ஒருத்தன் 70 ரன்ல நிக்கறப்போ போடறது வேற. அந்தப் பழக்கம் ஆட்டத்துலதான் வரும்.

பெஞ்ச்ல உக்காரறதே அநியாயம்னு நான் சொல்லலை. நடராஜன் கதையிலேயே அதுக்கு பதில் இருக்கு. 2017-ல பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்தாங்க. அடிப்படை விலை வெறும் 10 லட்சம். 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து 2018, 2019 ரெண்டு சீசனும் ஒரு ஆட்டம் கூட கொடுக்கலை. அதுக்கு யாரும் சண்டை போடலை. ஏன்னா அது கத்துக்கற காலம். அங்க பந்துவீச்சுப் பயிற்சியாளர் முத்தையா முரளிதரன், தமிழ்லயே பேசிக்கலாம். 2020-ல இறக்கினாங்க, தொடர்ந்து வாய்ப்பு கொடுத்தாங்க. 16 ஆட்டம், 16 விக்கெட். எலிமினேட்டர்ல டி வில்லியர்ஸோட ஸ்டம்பைப் பேத்த யார்க்கரை இன்னும் யாரும் மறக்கலை. அங்கயும் ரெண்டு வருஷம் உக்காந்தார். வித்தியாசம் என்னன்னா, இறக்கினப்போ ஒரு ஆட்டத்தோட முடிவு கட்டலை.

2018-ல இருந்தது கத்துக்குட்டி. 2025-ல இருக்கறது 1991-ல பிறந்த, முழங்கால் அறுவை சிகிச்சை பண்ணிட்டு திரும்பி வந்த ஒரு வேகப்பந்து வீச்சாளர். அவருக்கு ஒரு சீசன்ங்கறது 22 வயசுப் பையனோட ஒரு சீசன் மாதிரி இல்லை.

"அதான் காசு வந்துச்சுல்ல, அப்புறம் என்ன?"ன்னு ஒரு கட்சி இருக்கு. சரிதான், ஆடினாலும் ஆடாட்டியும் ஒப்பந்தத் தொகை வரும். 2025-ல இருந்து ஒரு ஆட்டத்துக்கு 7.5 லட்சம் தனியா ஆட்டக் கட்டணம் வெச்சாங்க, போறது அதுதான். ஆனா விளையாட்டுக்காரனுக்கு சம்பளம் காசு மட்டும் இல்லீங்க. இந்திய அணிக்கு அவர் ஆடினது 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. கடைசியா ஆடினது 2021 மார்ச்ல புனேயில. கடைசி ஓவர்ல 14 ரன் தேவை, எதிர்ல சாம் கரன். அதைக் காப்பாத்திக் கொடுத்தார். அதுக்குப் பிறகு அந்த நீல சட்டைக்குத் திரும்பற வழி ஐபிஎல் மட்டும்தான். அந்த வழியை ஒரு வருஷம் அடைச்சா அதுக்கு ஏலத்துல விலை கிடையாது.

அவரை இப்படி நடத்தறது பத்தின விவாதம் புதுசும் இல்லை. 2020 கடைசியில ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பந்து வீச்சாளராத்தான் போனார். ஐபிஎல் பிளே-ஆஃப் நடந்தப்போ அவருக்குப் பெண் குழந்தை பிறந்துச்சு. குழந்தையைப் பாக்க ஊருக்கு வராம அப்படியே ஆஸ்திரேலியா. அப்போ சுனில் கவாஸ்கரே பத்தியில எழுதினார், கேப்டனுக்கு ஒரு விதி, நடராஜனுக்கு ஒரு விதியான்னு. அதே பயணத்துலதான் மூணு வடிவத்துலயும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்துல அப்படி அறிமுகமான முதல் இந்தியர். கபா டெஸ்ட்ல முதல் இன்னிங்ஸ்ல 3 விக்கெட். டி20 தொடர் நாயகன் விருதை ஹர்திக் பாண்டியா அவர் கையில கொடுத்தார். டெஸ்ட் கோப்பையை ரஹானே அவர் கையில கொடுத்தார். நல்லா நடத்தறதுன்னா என்னன்னு அங்க பாத்தோம்.

இந்த மாதிரி சண்டையில ரசிகர்கள் ஒரு தப்பு பண்றோம். முடிவை வெச்சு நியாயத்தை அளக்கறோம். 2022 உலகக் கோப்பை கால்பந்துல போர்ச்சுகல் பயிற்சியாளர் சாண்டோஸ் ரொனால்டோவை உக்கார வெச்சார். அவருக்குப் பதிலா வந்த ராமோஸ் மூணு கோல், 6-1 வெற்றி. உலகமே சாண்டோஸை மேதைன்னுச்சு. நாலு நாள் கழிச்சு அதே மாதிரி ரொனால்டோ இல்லாம தொடங்கி மொராக்கோகிட்ட 0-1. அதே மனுஷன் முட்டாளாயிட்டார். நாலு நாள்ல அறிவு மாறாதுங்க, ஸ்கோர்தான் மாறுச்சு.

அதனால நான் ஒரு பயிற்சியாளரை எடை போடும்போது மூணு கேள்விதான் கேப்பேன். எந்த வேலைக்கு வாங்கினாங்களோ, அந்த வேலை வந்தப்போ அந்த ஆளைக் கூப்பிட்டாங்களா? கூப்பிடறதுக்கு முன்னாடி ஆட்டப் பழக்கம் கிடைக்க வழி பண்ணாங்களா? ஒரு மோசமான நாளுக்குப் பிறகு இன்னொரு நாள் கொடுத்தாங்களா? ஏப்ரல் மாசத்துக்கு டெல்லிக்கு நான் பாஸ் போடுவேன். ஜெயிச்சுட்டு இருந்தாங்க, ஸ்டார்க் இருந்தார், குறை சொல்ல முடியாது. மே மாசத்துக்குப் போட மாட்டேன். மூணு கேள்விக்கும் பதில் இல்லைதான்.

ரசிகர்களா நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கு. பதானி பக்கத்துல போய் வசவு எழுதறதால நடராஜனுக்கு ஒரு ஓவர் கூட கிடைக்காது. மே 21-ன் அந்த ரெண்டு ஓவரைக் காட்டிக் கேளுங்க, அதுக்கு அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும். 2025 நவம்பர்ல வந்த தக்கவைப்புப் பட்டியல்ல டெல்லி நடராஜனை விடலை. அவங்களுக்கும் நம்பிக்கை போகலைன்னு அர்த்தம். நம்பிக்கை இருந்தா அது பட்டியல்ல மட்டும் இருக்கக் கூடாது, 19-வது ஓவர்லயும் இருக்கணும்.

இதை ஏன் இவ்வளவு நேரம் பேசறோம்னா, 2023-ல சின்னப்பம்பட்டியில அவர் சொந்தமா ஒரு மைதானம் கட்டினார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வெச்சார். தறி ஓட்டற வீட்டுப் பசங்க, லாரி ஓட்டறவங்க வீட்டுப் பசங்க அங்க பந்து போடறாங்க. திறமை இருந்தா வாய்ப்பு வரும்னு அந்தப் பசங்களுக்கு நம்ம எல்லாரும் சொல்லி வெச்சிருக்கோம். அந்த வார்த்தை பொய்யாகாம இருக்கணும், அவ்வளவுதான்.

உங்க கட்சி எதுன்னு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். டெல்லி பக்கம் பேசறவங்களும் தாராளமா அனுப்புங்க, கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம்.