கையெழுத்துப் போட்டவர்கள் கணக்குக் காட்டட்டும்



ஐதராபாத்தில் சார்மினாரை ஒட்டிய லாட் பஜாரில் அரக்கு வளையல் வாங்காத குடும்பம் இந்தக் கூட்டத்தில் உண்டா? அந்த வளையலுக்கு 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் அதில் கல் பதித்த கை யாருடைய கை?

2015 ஜனவரியில் பழைய நகரத்துச் சந்துகளில் போலீஸ் வீடு வீடாகச் சோதனை போட்டது. மீட்கப்பட்ட சிறுவர்கள் இருநூறுக்கும் மேல்! பெரும்பாலும் பீகார்ப் பிள்ளைகள். காற்றுப் புகாத அறை, அடுப்புச் சூட்டில் இளகும் அரக்கு, மூக்கைத் துளைக்கும் பசை நெடி. அதற்குள் சம்மணம் போட்டு, காலை முதல் இரவு வரை கல் ஒட்டிக்கொண்டிருந்தன அந்தப் பிஞ்சு விரல்கள். பெற்றவர்கள் கையில் சில ஆயிரத்தைத் திணித்துவிட்டு ரயிலேற்றிக் கொண்டுவந்தவர்கள் தரகர்கள்.

இதைப் பற்றி ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. "எங்கள் நாட்டு விவகாரத்தில் ஜெனீவாவில் இருக்கும் 18 பேருக்கு என்ன வேலை?" என்கிறார்கள். நான் கேட்கிறேன், கையெழுத்துப் போட்டது யார்? குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 1992 டிசம்பர் 11 அன்று இந்தியா விரும்பித்தான் சேர்ந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் சேர்ந்தது. கொடுத்த வாக்கைக் கேட்பது தலையீடா?

சேரும்போதே, குழந்தை உழைப்பைத் தடுக்கும் 32ஆம் பிரிவை மட்டும் படிப்படியாகத்தான் நிறைவேற்றுவோம் என்று ஓர் அறிவிப்பையும் செருகினோம். அது தேவையில்லை, திரும்பப் பெறுவது பற்றி யோசியுங்கள் என்று 2000இலேயே குழு சொன்னது. கேட்டோமா?

இந்தக் கேள்விகளால் என்ன பயன் என்கிறீர்களா? குழந்தை உழைப்பு பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138, 182ஆம் உடன்படிக்கைகளை ஏற்கும்படி 2014இல் குழு வற்புறுத்தியது. 2017 ஜூன் 13 அன்று இந்தியா ஏற்றது. ஜெனீவா மட்டுமே சாதித்ததல்ல இது. ரங்காரெட்டி மாவட்டத்தில் ஊர் ஊராகப் பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளியில் சேர்த்த சாந்தா சின்ஹா போன்றவர்களின் பல்லாண்டு உழைப்பும் அதில் இருக்கிறது.

ஆனால் 2016 குழந்தைத் தொழிலாளர் திருத்தச் சட்டத்தைப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றது. கூடவே, பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் ஒரு கதவைத் திறந்து வைத்தது. குடும்பம் என்றால் மாமா, சித்தப்பா, அத்தை எல்லாரும் அதில் சேர்த்தி. வளையல் பட்டறை நடப்பதே வீட்டுக்குள்தான்! "என் அக்கா மகன்" என்று முதலாளி சொல்லிவிட்டால் அதிகாரி என்ன செய்வார்? இந்தக் கதவை அடைத்தே தீர வேண்டும்.

அரசு தன் அறிக்கையைச் சொந்த மக்களிடம் பரவலாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்கிறது குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 44ஆம் பிரிவு. உங்களில் யாராவது அதைத் தெலுங்கில் படித்ததுண்டா? உருதுவில்? தமிழில்? அடுத்த அறிக்கைக்குக் குழு வைத்த கெடு 2020 ஜூலை; அது கடந்து பல ஆண்டாகிவிட்டது.

ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: அந்த அறிக்கையில் ஐதராபாத்தைப் பற்றி என்ன எழுதப் போகிறீர்கள்? சட்டமன்றத்தில் அதை வைப்பீர்களா? பதில் சொல்லாதவருக்கு உங்கள் ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வேலையில் சிக்கிய பிள்ளை கண்ணில் பட்டால் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.