யானை நடந்து எல்லை குறித்த ஊர் இது. வரைபடம் மாறும்போது நம்மைக் கேட்க வேண்டாமா?

திருவாலங்காடு ஒன்றியத்தில் நடந்த நில உரிமை விளக்கக் கூட்டத்தில், நமது மாவட்ட விவசாய அணிப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுதாகப் படியுங்கள். உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.



ரத்தின சபை, காரைக்கால் அம்மையார், இதெல்லாம் இந்த ஊருக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் பேச வந்தது செப்பேட்டைப் பத்தி. ராஜேந்திர சோழனோட திருவாலங்காட்டுச் செப்பேடு, மொத்தம் 31 ஏடு, இன்னைக்கு சென்னை அருங்காட்சியகத்துல இருக்கு. அதுல சோழ வம்சப் பெருமை இருக்கு, போர் இருக்கு, வெற்றி இருக்கு. ஆனா அந்தச் செப்பேடு எழுதப்பட்ட காரணம் என்ன? பக்கத்துல இருக்கிற பழையனூர் நிலத்தோட வகையை மாத்தினதுதான். பிரமதேயமா இருந்ததை வேளான்வகையா மாத்தி, இந்தக் கோயிலுக்குத் தேவதானமாக் கொடுத்தாங்க.

எப்படி மாத்தினாங்க? அரசன் ஆணையோட விஷயம் முடியல. அதிகாரிகள் வரிசையா ஒப்பம் வச்சாங்க. நாட்டார் கூடினாங்க. ஒரு பெண் யானையை எல்லையைச் சுத்தி நடக்க விட்டு, கூடவே நடந்து, கல்லும் கள்ளியும் நட்டாங்க. எது எல்லைன்னு வரி வரியா எழுதி வச்சாங்க.

ராஜா காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரல. சம்மதமான்னு குடியானவனை அன்னைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா யானை நடந்தா ஊருக்கே தெரியும். இன்னைக்கு என்ன நிலைமை? நிலத்தோட உபயோகத்தை மாத்துறதுக்குப் பத்திரிகையில ஒரு மூலையில அறிவிப்பு வருது. எழுத்து எறும்பு சைஸ். கேட்கிற உரிமை சட்டத்துல நமக்கு இருக்கு. கேட்கணும்ங்கிற சேதிதான் நம்மகிட்ட வந்து சேர்றதில்ல. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

சென்னைக்கு முழுமைத் திட்டம்னு ஒண்ணு இருக்கு. மாஸ்டர் பிளான்னு சொல்றாங்களே, அதுதான். முதல் திட்டம் 1975-ல் வந்தது. ரெண்டாவது 2008 செப்டம்பர்ல ஒப்புதல் ஆனது, 2026 வரைக்கும். மூணாவது திட்டம் 2027-லிருந்து 2046 வரைக்கும். குடியிருப்பு எங்கே, வணிகம் எங்கே, தொழிற்சாலை எங்கே, விவசாயம் எங்கே, திறந்தவெளி எங்கேன்னு ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் பூசுற வேலை அது. அந்த நிறம்தான் நிலத்தோட விலை. அந்த நிறம்தான் நம்ம பிள்ளைங்க நாளைக்கு அந்த மண்ணுல என்ன செய்யலாம்னு முடிவு பண்ணுது.

"சென்னைத் திட்டத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்கலாம். சொல்றேன். சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரா இருந்தது. 2018 ஜனவரியில அதை 8,878 சதுர கிலோமீட்டரா விரிக்கப் போறோம்னு அறிவிப்பு வந்தது. திருவள்ளூர் மாவட்டம் முழுசும் உள்ளே, அரக்கோணமும் உள்ளே. ஆட்சேபணைகள் வந்தது, வழக்கு வந்தது, கருத்துக்கேட்பு நடந்தது. 2022 அக்டோபர்ல கடைசியா அறிவிச்ச எல்லை 5,904 சதுர கிலோமீட்டர். கோட்டை ஒரு தடவை வரைஞ்சா அழிக்கவே முடியாதுங்கிறது பொய். அழிச்சு மறுபடியும் வரைஞ்சிருக்காங்க.

இன்னொரு சம்பந்தமும் இருக்கு, அது தண்ணி. நம்ம பக்கம் ஓடுற கொசஸ்தலை ஆறு எங்கே போகுது? பூண்டிக்கு. 1944-ல் கட்டின அந்த ஏரியில இருந்துதான் சென்னைக்குக் குடிதண்ணி போகுது. நம்ம ஏரி, ஓடை, வரத்துக் கால்வாய் மேல ஒரு கோடு மாறினா அது நம்ம வயலோட நிக்காது, சென்னைக்காரர் குழாய்க்கும் போகும்.

ஆயக்கட்டு நடுவுல ரெண்டு ஏக்கரை மனையா மாத்துறாங்கன்னு வைங்க. மண்ணடிச்சு மேடாக்குவாங்க, ரோடு போடுவாங்க. கால்வாய் இருந்த இடத்துல ஒரு சின்னக் குழாயைப் புதைப்பாங்க. மேல இருக்கிறவன் வயல்ல தண்ணி நிக்கும்; கீழ இருக்கிறவனுக்குத் தண்ணி வராது. மூணு வருஷம் கழிச்சு "விவசாயம்தான் கட்டுப்படியாகலையே"ன்னு அவனும் விப்பான். மாறினது ரெண்டு ஏக்கர், போனது மொத்த ஆயக்கட்டு. பள்ளிக்கரணையைப் பாருங்க. ஒரு பக்கம் குப்பைக் கிடங்கு, ஒரு பக்கம் ஐ.டி. கட்டடம். எல்லாம் வந்து சதுப்பு நிலம் சுருங்கின பிறகு, 2022-ல் மிச்சத்துக்கு ராம்சார் அந்தஸ்து கிடைச்சது. மிச்சத்தைக் காப்பாத்துறதுக்கா திட்டம்?

நண்பர்களே, வழிமுறையைக் கவனமாக் கேளுங்க. மூணு கதவு இருக்கு.

முதல் கதவு, முழுமைத் திட்டமே புதுசாப் போடும்போது. 1971-ம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 26-வது பிரிவு. அரசிதழ்லயும் நாளிதழ்கள்லயும் அறிவிப்பு போடணும். ஆட்சேபணை சொல்லக் குறைஞ்சது ரெண்டு மாசம் கொடுக்கணும். எழுத்துல கொடுக்கணும், அதுல "என்னை நேர்ல கேட்கணும்"னும் எழுதணும். அப்படிக் கேட்டவங்களுக்குத்தான் நேர்ல பேச வாய்ப்பு. இந்த ஒரு வரியை எழுதாம விட்டு வாய்ப்பை இழந்துடாதீங்க.

ரெண்டாவது கதவு, போட்ட திட்டத்தை நடுவுல மாத்தும்போது. அதே சட்டம், 32-வது பிரிவு. சி.எம்.டி.ஏ. எல்லையில நில உரிமையாளர் விண்ணப்பம் போடுறார். பத்திரிகை அறிவிப்பு வருது. ஆட்சேபணைக்கு வழக்கமா 21 நாள். அப்புறம் இடத்தைப் பார்க்கிறாங்க, தொழில்நுட்பக் குழு பார்க்குது, குழுமம் முடிவெடுக்குது, கடைசியா அரசிதழ். நகரம் முழுசுக்கும் திட்டம் போட வருஷக்கணக்கா ஆகுது. அதை ஒரு விண்ணப்பம், இன்னொரு விண்ணப்பம்னு கொறிச்சுக்கிட்டே வந்தா இருபதாவது வருஷம் திட்டம்னு என்ன மிஞ்சும்?

மூணாவது கதவு, எந்தத் திட்டமும் வராத பகுதி. அங்க 47-ஏ பிரிவும் 2017-ல் வந்த விதிகளும் இருக்கு. நஞ்சையை வேற உபயோகத்துக்கு மாத்தணும்னா வேளாண்மை இணை இயக்குநர் கருத்து வேணும், மாவட்ட ஆட்சியர் இசைவு வேணும். அந்தக் கருத்துல உங்க கால்வாய் இருக்கா இல்லையான்னு நீங்கதான் பார்க்கணும். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்துல நகல் கேளுங்க.

உங்க நிலம் இந்த மூணுல எந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். சர்வே எண்ணை எடுத்துக்கிட்டுப் போய்க் கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க.

வீடு கட்டுறதுக்கு நாம எதிரி இல்ல. பொண்ணு கல்யாணத்துக்காக, பையன் படிப்புக்காக நிலத்தை விக்கிறவரைக் குத்தம் சொல்ற கூட்டமும் இது இல்ல. அவர் நிலம், அவர் உரிமை. பக்கத்து வயல்காரருக்கும் உரிமை இருக்கு. ரெண்டு பேரையும் உட்கார வச்சுக் கேட்டுத்தான் முடிவெடுக்கணும்.

அதனால நம்ம கோரிக்கை அஞ்சு:

1. ஒவ்வொரு நிலப் பயன்பாட்டு மாற்ற அறிவிப்பும் அந்தந்த ஊராட்சிப் பலகையில் தமிழில், சர்வே எண்ணோடு ஒட்டப்பட வேண்டும். தண்டோராவும் போட வேண்டும்.

2. வரைவு வரைபடத்தை கிராம சபையில் விரித்து வைத்து விளக்க வேண்டும். வருஷத்துக்கு 6 கிராம சபை நடக்குது, நேரம் இல்லைன்னு சொல்ல முடியாது.

3. நீர்வளத் துறையின் கருத்து, ஆட்சேபணைக் காலம் தொடங்கும் முன்பே வெளியிடப்பட வேண்டும்.

4. ஆட்சேபணையைத் தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

5. ஒரு வருஷத்தில் மொத்தம் எத்தனை ஏக்கர் மாறியது, எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு மாறியது என்ற பட்டியல் வர வேண்டும்.

அரசுகிட்ட கேட்கிறது ஒரு பாதி. மறு பாதி நம்ம வேலை. டீக்கடையில பேசினது ஆட்சேபணை ஆகாது. வாட்ஸ்அப்ல திட்டினதும் ஆகாது. மனுவுல சர்வே எண், ஊர், இப்போ என்ன வகை, என்னவா மாத்தப் போறாங்க, அதனால என்ன பாதிப்பு, இந்த அஞ்சும் இருக்கணும். புல வரைபட நகல், அடங்கல், மழைக்காலத்துல எடுத்த போட்டோ சேருங்க. பதிவுத் தபால்ல அனுப்புங்க, நேர்ல கொடுத்தா ஒப்புகைச் சீட்டு வாங்காம வெளிய வராதீங்க. நூறு பேர் ஒரே மனுவுல கையெழுத்துப் போடுறதைவிட, நூறு பேர் அவங்கவங்க சர்வே எண்ணைப் போட்டு எழுதுற நூறு மனுவுக்கு எடை அதிகம்.

இது நடக்குமான்னு சந்தேகப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். திருத்தணி தாலுகா 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோட வந்தது. ம.பொ.சி. தலைமையில நம்ம முன்னோர் தெருவுல இறங்கிப் போராடினாங்க, சிறைக்குப் போனாங்க. ஆனா பட்டாஸ்கர் முன்னாடி பேசினது ஆதாரம். எந்தக் கிராமத்துல என்ன மொழி பேசுறாங்க, எத்தனை பேருன்னு கிராமத்தையே அலகா வச்சுத்தான் எல்லை முடிவாச்சு. ஒரு மாநிலத்தோட எல்லையையே கிராமம் கிராமமாப் பார்த்து மாத்த முடிஞ்சதுன்னா, ஒரு கால்வாயைக் காப்பாத்த முடியாதா?

நம்ம ஒன்றிய அலுவலகத்துல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் படிச்ச தம்பி தங்கைங்க உட்காருவாங்க. பட்டா, சர்வே எண் கொண்டு வாங்க. மனு எழுதிக் கொடுப்பாங்க, காசு கிடையாது, கட்சி கேட்க மாட்டாங்க. யாருக்கு ஓட்டுப் போட்டவரா இருந்தாலும் வாங்க. கால்வாய்த் தண்ணி கட்சி பார்த்துப் பாயறதில்ல.



#நம்_நிலம்_நம்_கருத்து #திருவாலங்காடு #கிராமசபையில்_கேட்போம்